விளக்கை எரியவிட்டது யார்?

காருக்குப் புது சைலன்சர் மாட்டியவர்களில் பலர் கேட்கும் கேள்வி இது. வண்டி முன்பைவிட நன்றாக இழுக்கிறது. சத்தமும் ஆசைப்பட்டபடி கனமாக வருகிறது. எல்லாம் சரியாக இருக்கும்போது, இரண்டு வாரம் கழித்து, டேஷ்போர்டில் என்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிய ஆரம்பிக்கிறது. என்ஜினை யாரும் தொடவில்லை. மாற்றியது புகை போகும் இரும்புக் குழாயை மட்டும்தான். குழாய் மாறியது வண்டிக்கு எப்படித் தெரிந்தது? தெரிந்ததுதான் தெரிந்தது, அன்றைக்கே சொல்லாமல் இரண்டு வாரம் ஏன் சும்மா இருந்தது?

காரைக்காலில் இந்தக் கேள்விக்குக் கூடுதலாக ஒரு பிடி உண்டு. கடலோர ஊர். உப்புக்காற்றில் சைலன்சர் அரித்துப்போவதும், மாற்ற வேண்டி வருவதும் சகஜம். மாற்றுவதுதான் மாற்றுகிறோம், கம்பெனி சாமானுக்குக் கொடுக்கிற காசில் பாதிக்கு வெளிச்சந்தையில் ‘ஃப்ரீ ஃப்ளோ’ கிடைக்கிறதே என்று பி.ஒய். 02 எண் வைத்த வண்டி ஒன்று கடைக்குப் போவதில் ஆச்சரியம் இல்லை. திரும்பி வரும்போது குழாயோடு சேர்ந்து வேறு என்னவெல்லாம் கழன்றது என்பதைத்தான் வண்டிக்காரர் பெரும்பாலும் கேட்பதில்லை.

காரின் கணினிக்குக் கண் கிடையாது. குழாயின் மேல் யார் பெயர் பொறித்திருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. புகையில் எவ்வளவு ஆக்சிஜன் மிச்சம் இருக்கிறது என்று இரண்டே இரண்டு இடங்களில் அளந்து பார்க்கிறது. மற்றதெல்லாம் அதிலிருந்து அது செய்யும் ஊகம். இந்த ஊகத்தின் வழியை அறிந்துகொண்டால், எரியும் விளக்கைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், கறுப்பு டேப் ஒட்டி மறைக்கவும் வேண்டாம்.

பதினாலே முக்கால் கணக்கு

ஒரு கிலோ பெட்ரோல் மிச்சமின்றி எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். காற்று கூடினால் மெக்கானிக்குகள் ‘லீன்’ என்பார்கள், பெட்ரோல் கூடினால் ‘ரிச்’ என்பார்கள். நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம்.

கணக்கு துல்லியமாகவே இருந்தாலும் என்ஜினிலிருந்து மூன்று நஞ்சுகள் வெளியே வரும்: கார்பன் மோனாக்சைடு, எரியாத பெட்ரோல் ஆவி, நைட்ரஜன் ஆக்சைடுகள். முதல் இரண்டையும் சுத்தம் செய்ய ஆக்சிஜனைக் கொடுக்க வேண்டும். மூன்றாவதிடமிருந்து ஆக்சிஜனைப் பிடுங்க வேண்டும். நேர் எதிரான இந்த இரண்டு வேலையையும் ஒரே டப்பாவுக்குள் செய்து முடிப்பது வினையூக்கி மாற்றி. மெக்கானிக் பாஷையில் ‘கேட்’. உள்ளே தேன்கூடு போல நுண்துளைகள் ஓடும் பீங்கான் கட்டி. அந்தத் துளைகளின் சுவரில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய விலையுயர்ந்த உலோகங்கள் சில கிராம் அளவுக்குப் பூசப்பட்டிருக்கும். பழையதைக் கழற்றிய கடைக்காரர் ‘இது எதுக்கு சார், நானே தூக்கிப் போட்டுடறேன்’ என்று பெருந்தன்மையாகச் சொன்னால், அந்தச் சில கிராமை நினைத்துக்கொள்ளுங்கள். கேட்டு வாங்கி வீட்டில் வையுங்கள். பின்னால் தேவைப்படும்.

கலவை 14.7-ஐ ஒட்டிய மிகக் குறுகிய இடைவெளிக்குள் நின்றால் மட்டுமே மூன்று நஞ்சும் ஒருசேர அடங்கும். கார்புரேட்டரால் இந்தத் துல்லியம் முடியாது. அதனால்தான் புகையை அளந்து உடனுக்குடன் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்க ஒரு சென்சார் தேவைப்பட்டது. பாஷ் நிறுவனத்தின் ஆக்சிஜன் சென்சார் 1976-ல் அமெரிக்காவுக்குப் போன வால்வோ கார்களில் முதன்முதலாக வந்தது. இந்தியாவில் 1995 ஏப்ரலில் டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களில் விற்கும் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கேட் கட்டாயமானது. பெட்ரோலில் ஈயம் இருந்தால் அந்தப் பூச்சு செத்துவிடும். ஈயமில்லாப் பெட்ரோல் நாடு முழுக்க வந்து சேர 2000-ஆம் ஆண்டு ஆயிற்று.

இரண்டு பழைய விளக்குகள்

சென்சாரின் தலைப்பகுதி ஒரு சிறு பீங்கான் குப்பி. சிர்க்கோனியம் ஆக்சைடால் செய்தது. அதில் இட்ரியம் கொஞ்சம் கலந்திருக்கும். முந்நூறு டிகிரிக்கு மேல் சூடானதும் இந்தப் பீங்கான் ஒரு விநோதம் செய்கிறது: ஆக்சிஜன் அயனிகளைத் தன் உடல் வழியாக நடக்கவிடுகிறது. குப்பிக்கு உள்ளே வெளிக்காற்று, வெளியே புகை. இரண்டு பக்கமும் ஆக்சிஜன் அளவு வேறுபட்டால் மின்னழுத்தம் பிறக்கும். புகை ரிச்சாக இருந்தால் 0.8, 0.9 வோல்ட். லீனாக இருந்தால் 0.1 வோல்ட்.

அளவு வேறுபாட்டுக்கும் மின்னழுத்தத்துக்கும் உள்ள தொடர்பைக் கணக்காக எழுதியவர் ஜெர்மானிய வேதியியலாளர் வால்டர் நெர்ன்ஸ்ட். ஆண்டு 1889. அவரே 1897-ல் இதே சிர்க்கோனியா-இட்ரியா பீங்கானைச் சூடாக்கி ஒளிரவைத்து ஒரு மின்விளக்கும் செய்தார். அந்த விளக்கு அப்போது மல்லுக்கட்ட வேண்டியிருந்த போட்டியாளர்களில் ஒன்று நாம் கல்யாண ஊர்வலங்களில் பார்த்த பெட்ரோமாக்ஸ் மேண்டிலின் மூதாதை: ஆஸ்திரியரான அவுவர் ஃபான் வெல்ஸ்பாக் கண்டுபிடித்த வாயு விளக்கு வலை. தோரியம் ஆக்சைடு 99 பங்கு, சீரியம் ஆக்சைடு ஒரு பங்கு என்பது அதன் கலவை. அந்தத் தோரியத்தைத் தேடித்தான் ஐரோப்பியர்கள் நம் கடற்கரைக்கு வந்தார்கள். திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் துகள்களைக் கண்ட ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர், அதன் ஊரைத் தேடி மணவாளக்குறிச்சிக்கு வந்து சேர்ந்தார். 1909-ல் நடந்த கதை. இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கும் அந்த மணலில் சிர்க்கோனியம் தரும் சிர்க்கானும் இருக்கிறது, சீரியம் தரும் மோனசைட்டும் இருக்கிறது. பொதுத்துறை நிறுவனமான ஐ.ஆர்.இ.எல். இப்போதும் அங்கே மணலைப் பிரித்தெடுக்கிறது.

இரண்டு விளக்குகளையும் டங்ஸ்டன் பல்பு வீட்டைவிட்டு விரட்டிவிட்டது. ஆனால் இரண்டின் சரக்கும் காரின் புகைக்குழாயில் மறுபடி ஒன்றுசேர்ந்தது. சிர்க்கோனியா சென்சாரில். சீரியம் கேட்டின் உள்ளே. நம் மஞ்சள் விளக்கின் மர்மம் பாதிக்கு மேல் இந்தச் சீரியத்தில்தான் இருக்கிறது.

ஏரியும் மதகும்

கேட்டுக்கு முன்னால் ஒரு சென்சார், பின்னால் ஒரு சென்சார். முன்னது சொல்வதைக் கேட்டுக் கணினி பெட்ரோலைக் கூட்டும். கூட்டியதும் ரிச் ஆகும், உடனே குறைக்கும். லீன் ஆகும், மறுபடி கூட்டும். ஆகவே முன்சென்சாரின் அளவு ஓயாமல் 0.1-க்கும் 0.9-க்கும் இடையே ஏறி இறங்கும். அது நோய் இல்லை. அப்படி ஏறி இறங்கினால்தான் அது உயிரோடு இருக்கிறது என்று பொருள். புதிய கார்கள் பலவற்றில் முன்சென்சார் வேறு வகை. அளவு இப்படித் துள்ளாது, தொடர்ச்சியான எண்ணாக வரும். பின்சென்சார் பெரும்பாலும் பழைய வகைதான்.

இந்த ஏற்ற இறக்கம் பின்சென்சாருக்கு வந்து சேரக் கூடாது. காவிரிக் கடைமடைக்காரர்களுக்கு இதை ஏரியை வைத்துச் சொன்னால் போதும். ஆற்றில் தண்ணீர் ஒரு நாள் கரைபுரண்டு வரும், மறுநாள் வறண்டிருக்கும். நடுவில் ஏரி ஆழமாக இருந்தால் மதகில் ஒரே சீராக ஓடும். ஏரி தூர்ந்துபோனால் ஆற்றின் கூத்தெல்லாம் அப்படியே மதகிலும் தெரியும். கேட்டுக்குள் அந்த ஏரி சீரியம் ஆக்சைடு. லீன் புகை வரும்போது மிஞ்சிய ஆக்சிஜனைத் தன்னுள் வாங்கிவைக்கும், ரிச் புகை வரும்போது விட்டுக்கொடுக்கும். நல்ல கேட்டுக்குப் பின்னால் இருக்கும் சென்சார் 0.6, 0.7 வோல்ட்டில் ஏறக்குறைய அசையாமல் நிற்கும்.

கணினி நேரடியாக அளப்பது இதை மட்டும்தான். முன்னால் இருப்பது எத்தனை முறை துள்ளுகிறது, பின்னால் இருப்பது எத்தனை முறை துள்ளுகிறது. பின்னதும் முன்னதைப் போலவே துள்ள ஆரம்பித்தால் ‘ஆக்சிஜன் சேமிப்பு போய்விட்டது’ என்று முடிவுகட்டுகிறது. நஞ்சு எவ்வளவு வெளியேறுகிறது என்று அது அளப்பதே இல்லை.

இந்தச் சோதனையை எந்நேரமும் செய்ய முடியாது. என்ஜின் நன்றாகச் சூடாகியிருக்க வேண்டும், ஒரே வேகத்தில் சில நிமிடம் ஓட வேண்டும். பாரதியார் சாலையில் கிளம்பி மார்க்கெட்டில் காய் வாங்கிக்கொண்டு வீடு திரும்பும் வண்டிக்கு அந்த வாய்ப்பே கிடைக்காது. தஞ்சாவூர், சென்னை என்று நீண்ட தூரம் போகும்போதுதான் சோதனை நடக்கும். ஒருமுறை தோற்றால் கணினி தனக்குள் குறித்துக்கொள்ளும், வெளியே சொல்லாது. அடுத்த ஓட்டத்திலும் தோற்றால்தான் விளக்கு. இரண்டு வார மௌனத்துக்குக் காரணம் இதுதான்.

ஐந்து இலக்கம்

ஸ்டியரிங்குக்குக் கீழே பதினாறு முனை கொண்ட ஒரு சாக்கெட் இருக்கும். கலிஃபோர்னியாவின் புகைமூட்டத்தால் பிறந்த ஏற்பாடு இது. அங்கே 1988-ல் அரைகுறையாகத் தொடங்கி, 1996 முதல் அமெரிக்கா முழுவதும் எல்லாக் கம்பெனிக்கும் ஒரே சாக்கெட், ஒரே குறியீட்டு முறை என்று ஆனது. இந்தியாவில் முதல் கட்டம் 2010-ல் வந்தது, சென்சார்களைக் கொண்டு கேட்டையே சோதிக்கும் இரண்டாம் கட்டம் 2013 ஏப்ரலில். அதற்குப் பிந்தைய கார் என்றால் சில நூறு ரூபாய் ப்ளூடூத் ஸ்கேனரும் ஒரு செல்போனும் இருந்தால் குறியீட்டை நீங்களே படிக்கலாம்.

பி0420 என்று வந்தால்: பி என்பது என்ஜின்-கியர் பகுதி, 0 என்பது எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான குறியீடு, 4 என்பது புகைச் சுத்திகரிப்பு. மொத்தத்தில் ‘கேட்டின் திறன் வரம்புக்குக் கீழே.’ பி0171 என்றால் ‘கலவை மிக லீன்.’ பி0141 என்றால் பின்சென்சாரைச் சூடாக்கும் கம்பிச்சுற்றின் மின்சாரத்தில் கோளாறு. 300-ல் தொடங்கி வருபவை மிஸ்ஃபயர், அதாவது சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் தவறுவது.

ஒர்க்‌ஷாப்பில் பணம் கரைவது இந்த இடத்தில்தான். 0420 வந்தால் கேட், 0171 வந்தால் ஆக்சிஜன் சென்சார், 0141 வந்தால் இன்னொரு சென்சார் என்று குறியீட்டை உதிரிபாகப் பட்டியலாகப் படிக்கிறார்கள். கணினி எந்தப் பாகத்தின் பெயரையும் சொல்லவில்லை. ‘நான் வைத்த இந்தச் சோதனை தோற்றது’ என்கிறது. ஏன் தோற்றது என்பதை மனிதர்தான் தேட வேண்டும். வெளிச்சந்தைக் குழாய் மாட்டிய வண்டியில் இது இன்னும் முக்கியம். ஏனென்றால் அந்தச் சோதனைகள் எல்லாம் பழைய குழாயின் நீளம், வெப்பம், சென்சார் இருந்த இடம் ஆகியவற்றை நம்பி எழுதப்பட்டவை.

ஒரு வண்டியைப் பிரித்துப் பார்ப்போம்

2018-ல் வாங்கிய நான்கு சிலிண்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக் ஒன்றை எடுத்துக்கொள்வோம். நம் நாட்டுச் சிறிய கார்கள் பலவற்றில் கேட் என்ஜினை ஒட்டி, சிலிண்டர்களின் புகையை ஒன்றுசேர்க்கும் மேனிஃபோல்டோடு சேர்ந்தே இருக்கும். சீக்கிரம் சூடாக வேண்டும் என்பதற்காக அப்படி. எனவே ‘பின்னால் சைலன்சர் மட்டும்’ மாற்றியிருந்தால் சென்சார்களுக்குச் சங்கதியே தெரியாது, விளக்கும் எரியாது. இந்த வண்டிக்காரர் ஆசைப்பட்டது ஹெடர், அதாவது மேனிஃபோல்டுக்குப் பதிலாக மாட்டும் குழாய்த் தொகுப்பு. மேனிஃபோல்ட் கழன்றது, அதோடு கம்பெனி கேட்டும் கழன்றது. புதிய ஹெடருக்குக் கீழே கடைக்காரர் ஒரு ‘ஸ்போர்ட்ஸ் கேட்’ வைத்துக் கொடுத்திருக்கிறார். விளக்கு எரிகிறது. ஸ்கேனரில் இரண்டு குறியீடு: பி0171, பி0420.

“கேட்டு போயிடுச்சு தம்பி. எடுத்துக் கடாசிட்டு ஸ்ட்ரெய்ட் பைப் போட்டுடலாம், தலைவலி விட்டுது” என்பது ஒரு யோசனை. “சென்சார் ரெண்டையும் மாத்திப் பாத்துடலாண்ணே” என்பது இன்னொரு யோசனை. இரண்டுக்கும் முன்னால் செய்ய வேண்டியது செலவில்லாத வேலை: படிப்பது.

இரண்டு குறியீடு வந்தால் லீன் சம்பந்தப்பட்டதை முதலில் பார்க்க வேண்டும். கலவை தப்பாக இருக்கும்போது கேட் சோதனையை நம்ப முடியாது. விளக்கு எரிந்த கணத்தில் நடந்தவற்றைக் கணினி ஒரு சிறு பதிவாகச் சேர்த்துவைக்கும். உறைபதிவு என்று அழைக்கலாம். நம் வண்டியின் உறைபதிவில் இருப்பது: என்ஜின் சூடு 88 டிகிரி, சுழற்சி நிமிடத்துக்கு 800 சொச்சம், வேகம் பூஜ்யம். அதாவது வண்டி சும்மா நின்று ஓடிக்கொண்டிருந்தபோது, ஐடிலில், குற்றம் பதிவானது.

அடுத்து எரிபொருள் திருத்தம். தன்னிடம் உள்ள அட்டவணையைவிட எவ்வளவு சதவீதம் கூடுதலாகப் பெட்ரோல் விடுகிறது என்று கணினியே சொல்லும் எண் இது. ஐடிலில் +20 காட்டுகிறது. ஆக்சிலேட்டரை மிதித்து 2,500 சுழற்சிக்கு ஏற்றினால் +7-க்கு இறங்குகிறது. பெட்ரோல் பம்போ ஃபில்டரோ காரணமாக இருந்தால் தலைகீழாக இருந்திருக்கும்: அதிகம் கேட்கும்போதுதான் பற்றாக்குறை தெரியும். குறைந்த ஓட்டத்தில் பெரிதாகவும் அதிக ஓட்டத்தில் சிறிதாகவும் தெரிகிறது என்றால் எங்கோ ஒரு சிறு துளை வழியாகக் கணக்கில் வராத காற்று கலக்கிறது. துளை ஒரே அளவுதான்; மொத்தக் காற்று கூடும்போது அதன் பங்கு சுருங்குகிறது.

துளை உறிஞ்சும் பக்கமா, புகை பக்கமா? இதற்கு ஒரு நல்ல தடயம் உண்டு. நம் ஊர்ச் சிறிய கார்களில் பலவும் உள்ளே போகும் காற்றை நேரடியாக அளப்பதில்லை, உறிஞ்சுகுழாயின் அழுத்தத்தைக் கொண்டு ஊகிக்கின்றன. அங்கே துளை விழுந்தால் அழுத்தம் மாறும், கணினி அதற்கேற்பப் பெட்ரோலும் விட்டுவிடும். லீன் ஆகாது, ஐடில்தான் ஏறும். நம் வண்டியில் ஐடில் சரியாக இருக்கிறது, லீன் மட்டும் காட்டுகிறது. சந்தேகம் புகைக்குழாய் பக்கம் திரும்புகிறது.

புகைக்குழாயில் ஓட்டை இருந்தால் புகை வெளியே போகும், காற்று எப்படி உள்ளே வரும் என்று கேட்கலாம். புகை சீரான ஓட்டமாகப் போவதில்லை. ஒவ்வொரு சிலிண்டரும் ஒரு உந்து உந்திவிட்டு நிறுத்தும். இரண்டு உந்துக்கு நடுவே குழாயில் அழுத்தம் வெளிக்காற்றைவிடத் தாழும். அந்த இடைவெளியில் ஓட்டை வழியாகக் காற்று உள்ளே இழுக்கப்படும். ஓட்டைக்கு அருகில் இருக்கும் முன்சென்சார் அந்த ஆக்சிஜனைப் பார்த்து ‘லீன்’ என்கிறது. உண்மையில் சிலிண்டருக்குள் லீன் இல்லை. கணினி நம்பிப் பெட்ரோலைக் கொட்டுகிறது. மைலேஜ் விழுகிறது, எரியாத பெட்ரோல் கேட்டுக்குள் போய் எரிந்து அதைச் சுட்டுக் கெடுக்கிறது.

காலையில் என்ஜின் குளிர்ந்திருக்கும்போது வண்டியைக் கிளப்புங்கள். பானட்டுக்குள்ளிருந்து ‘டிக் டிக்’ என்று ஒரு சத்தம் வந்து, சூடானதும் இரும்பு விரிந்து அடங்கிவிட்டால் அது ஹெடர் மூட்டு. சோப்புத் தண்ணீரைக் குளிர்ந்த மூட்டுகளில் தடவிவிட்டு, உதவிக்கு ஒருவரை டெயில்பைப்பைத் தடித்த துணியால் சில விநாடி அடைக்கச் சொன்னால் ஓட்டை உள்ள இடத்தில் நுரை கிளம்பும். திறந்த வெளியில், என்ஜின் சூடாகும் முன் செய்ய வேண்டிய சோதனை இது. நம் வண்டியில் நுரை வந்தது ஹெடர் என்ஜினோடு சேரும் பட்டையில். பழைய கேஸ்கட்டையே மறுபடி வைத்து முறுக்கியிருக்கிறார்கள். போல்ட் ஒன்று உப்பில் அரித்து, முறுக்கியும் பிடிக்காமல் சுற்றுகிறது. கடலுக்கு ஒன்றிரண்டு கிலோமீட்டரில் நிற்கும் வண்டிகளில் இது அடிக்கடி நடக்கிறது. அலட்சியப்படுத்தக்கூடாத ஓட்டையும்கூட: பானட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவிலிருந்து ஏசிக்குக் காற்று போகிறது, கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

புது கேஸ்கட், புது போல்ட். இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. ஓட்டையை அடைக்கச் சாதாரண சிலிக்கோன் பேஸ்ட்டை அள்ளிப் பூசும் பழக்கம் உண்டு. சிலிக்கோன் ஆவி சென்சாரின் தலையில் வெள்ளைப் படலமாகப் படிந்து அதைக் குருடாக்கிவிடும். ஒரு குறியீட்டைச் சரிசெய்யப் போய் இன்னொன்றை விலைக்கு வாங்கிய கதையாகும். அதேபோல, ஹெடர் நீளம் மாறியதால் சென்சார் ஒயர் எட்டவில்லை என்று வெட்டி முறுக்கி டேப் சுற்றுவார்கள். உப்பு ஈரம் அந்த மூட்டில் பச்சை பூத்து பி0141 வருவது ஒருபுறம் இருக்க, பல சென்சார்கள் குப்பிக்கு உள்ளே வேண்டிய வெளிக்காற்றை ஒயரின் இழைகளுக்கு நடுவே உள்ள சந்துவழியாகத்தான் இழுக்கின்றன. ஈயம் வைத்து அடைத்தால் அதற்கு மூச்சு முட்டும். சரியான நீளத்தில் இணைப்புக் கம்பி விற்கிறது, அதைத்தான் வாங்க வேண்டும்.

கேஸ்கட் மாற்றியபின் திருத்தம் ஐடிலில் +5, ஓட்டத்தில் +4. முழுப் பூஜ்யம் ஏன் இல்லை? இப்போது பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால். எத்தனாலுக்குத் தேவையான காற்று ஒன்பது பங்குதான். பத்து சதவீதக் கலவைக்கு அட்டவணை எழுதப்பட்ட வண்டி இருபதைக் குடிக்கும்போது ஏறத்தாழ நாலு சதவீதம் கூடுதலாக விட்டே தீர வேண்டும். அந்த நாலு நோயில்லை. விலை குறைவு என்று பக்கத்து மாவட்டத்து வண்டிகள் காரைக்கால் பங்க்கில் வந்து நிரப்பினாலும் இந்தக் கணக்கு மாறாது.

பி0171 முடிந்தது. பி0420 மிச்சம். ஸ்கேனர் செயலியில் இரண்டு சென்சார்களின் கோட்டையும் ஒரே திரையில் ஓடவிட்டு நாகூர் சாலையில் சீரான வேகத்தில் போய்ப் பார்க்க வேண்டும். இரண்டு சென்சாருக்கும் நடுவே ஓட்டை இருந்திருந்தால் பின்கோடு லீன் பக்கம் சாய்ந்துகொண்டே இருக்கும். அப்படி இல்லை. பின்கோடு முன்கோட்டின் பின்னாலேயே துள்ளுகிறது. ஏரி தூர்ந்த கதை. ஆனால் கேட் புதிதாயிற்றே!

ஸ்போர்ட்ஸ் கேட் என்பது புகைக்குத் தடை குறைய வேண்டும் என்று செய்தது. கம்பெனிக் கட்டியில் ஒரு சதுர அங்குலத்துக்கு 400, 600 துளைகள் இருக்கும் என்றால் இதில் 100, 200. சுவர்ப்பரப்பு குறைவு, பூச்சு மெலிது, சீரியமும் குறைவு. மேலும் ஹெடருக்குக் கீழே தள்ளிப் போனதால் தாமதமாகச் சூடாகிறது. அது கெட்டுப்போகவில்லை. பிறக்கும்போதே அதன் ஏரி ஆழமில்லாதது. இந்த முறை கணினியின் குற்றச்சாட்டு சரி.

இந்த வண்டிக்கு என் தீர்ப்பு: கம்பெனி மேனிஃபோல்டும் கேட்டும் திரும்ப ஏற வேண்டும். அதனால்தான் முன்பே கேட்டு வாங்கி வைக்கச் சொன்னேன். ஒன்றேகால் லிட்டர் என்ஜினில் ஹெடரால் மட்டும் கூடும் சக்தியை விட, அது எழுப்பும் சத்தத்தால் கூடியதாகத் தோன்றும் சக்தி அதிகம்.

ஏமாற்றும் வழிகள்

இரண்டு வழி புழக்கத்தில் உண்டு. பின்சென்சாருக்கு அடியில் ஒரு உலோகத் தக்கையை வைத்து அதைப் புகையோட்டத்திலிருந்து வெளியே தூக்கிவிடுவது ஒன்று. நுண்துளை வழியே மெதுவாக வரும் புகையை அது முகர்வதால் துள்ளல் அடங்கும், கணினி திருப்தியடையும். மென்பொருளில் அந்தச் சோதனையையே அணைத்துவிடுவது இன்னொன்று. இரண்டிலும் விளக்கு அணைகிறது, நஞ்சு அப்படியே வருகிறது.

புகைச் சான்று மையத்தில் இது எடுபடுமா? பி.எஸ்.4, பி.எஸ்.6 பெட்ரோல் கார்களுக்கு ஐடிலில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கேட் இல்லாத வண்டி முறையாக அளந்தால் பெரும்பாலும் தோற்கும். உயர்சுழற்சியில் காற்று-எரிபொருள் விகிதத்தையும் மூன்று சதவீதத் தளர்வுக்குள் அளக்க வேண்டும் என்பது விதி. புகைக்குழாய் ஓட்டை அங்கே அகப்படும். முறையாக அளப்பது என்பதுதான் இந்த நாட்டில் அடிக்கோடிட வேண்டிய சொல்.

சட்டமும் கறாராகவே இருக்கிறது. கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது, 2019-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தின்படி அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும். சத்தம், புகை அளவை மீறி ஓட்டினால் முதல் தடவை 10,000 ரூபாய் வரை.

ஓட்டும்போது மஞ்சள் விளக்கு வந்தால் என்ன செய்வது? நிலையாக எரிந்தால் ஊர் வந்து பார்த்துக்கொள்ளலாம். சிமிட்டினால் அப்படியில்லை. மிஸ்ஃபயர் கடுமையாகி, எரியாத பெட்ரோல் கேட்டுக்குள் போய் எரிகிறது என்று பொருள். கட்டி ஆயிரம் டிகிரிக்கு மேல் கொதித்து உருகும். காலை எடுத்து, ஓரம்கட்டி, என்ஜினை அணைக்க வேண்டும். மழைக்காலத்தில் வயலாகிவிட்ட சாலையில் சூடான வண்டியை இறக்கினாலும் அந்தப் பீங்கானுக்கு ஆபத்துதான். சட்டென்ற குளிரில் விரிசல் விட்டு, உள்ளே கட்டி உடைந்து கலகலவென்று ஆடும்.

அழித்த பிறகு

பழுதைச் சரிசெய்தபின் ஸ்கேனரில் குறியீட்டை அழிக்கிறோம். சிலர் பேட்டரி ஒயரைக் கழற்றி மாட்டுகிறார்கள். விளக்கு அணைந்துவிடும். ஆனால் அணைந்த விளக்கு எதற்கும் சாட்சியில்லை. அழிக்கும்போது கணினி தான் முடித்துவைத்த சோதனைகளின் கணக்கையும், கற்றுவைத்த திருத்த எண்களையும் சேர்த்துத் துடைத்துவிடுகிறது. ஸ்கேனரில் ‘தயார்நிலை’ என்று ஒரு பக்கம் இருக்கும். கேட், ஆக்சிஜன் சென்சார் ஆகியவற்றுக்கு எதிரே ‘முடியவில்லை’ என்று காட்டும். பழைய கார் வாங்கப் போகும்போது இந்தப் பக்கத்தைத் திறந்து பார்ப்பது நல்லது. எல்லாமே ‘முடியவில்லை’ என்றிருந்தால் விற்பவர் நேற்றோ இன்றோ எதையோ அழித்திருக்கிறார்.

சோதனைகள் மறுபடி நடக்க வேண்டுமானால், இரவு முழுக்க நின்று குளிர்ந்த வண்டியைக் காலையில் கிளப்பி, இரண்டு நிமிடம் ஐடிலில் விட்டு, ஊரைத் தாண்டிக் கிழக்குக் கடற்கரை நெடுஞ்சாலையில் தரங்கம்பாடி பக்கமோ நாகப்பட்டினம் பக்கமோ மணிக்கு 60-70 கிலோமீட்டரில் ஒரே சீராகப் பத்துப் பதினைந்து நிமிடம் ஓட்ட வேண்டும். பெட்ரோல் டேங்க் கால்வாசிக்கும் முக்கால்வாசிக்கும் நடுவில் இருப்பது உத்தமம். ஆவிக் கசிவைப் பார்க்கும் சோதனை உள்ள வண்டிகளில் அது முழு டேங்க்கிலும் காலி டேங்க்கிலும் நடக்காது. மறுநாளும் அதேபோல ஒரு ஓட்டம். கேட் வரிக்கு எதிரே ‘முடிந்தது’ என்று வந்து, நிலுவைக் குறியீட்டுப் பக்கமும் காலியாக இருந்தால் ஸ்கேனரைக் கழற்றிவிடலாம்.